தெருவுக்கு ஒரு ஓட்டு

மணி அடித்தது. அடித்தது என்றுகூடச் சொல்ல முடியாது. சத்தம் வராமல் அடிக்கப் பார்த்து, முடியாமல் போன மாதிரி ஒரு சத்தம்.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கீழ்முனையில் கிளிப், மேல்முனையில் மணி. பர்மாவில், இந்த யாங்கோனில் பேப்பர் போடுகிறவர், கடைக்காரர் எல்லாரும் அதை இழுத்துத்தான் கூப்பிடுவார்கள். பகலில். இருட்டிய பிறகு யாரும் தொடுவதில்லை.

என் கணவர் சர்ஃபராஸ் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவருக்கு இருபத்தாறு வயது. பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிற வயது. எங்கள் தெருவில் அந்த வயதில் மிச்சமிருக்கும் நாலு ஆண்களும் மணிச் சத்தம் கேட்டால் சோற்றுக் கையோடு குளியலறைக்குத்தான் போவார்கள்.

மகள் இக்ராவை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். கரண்ட் இல்லை. கீழே ஒரு டார்ச் தன் ஆளின் முகத்தை ஒரு தடவை காட்டிவிட்டு அணைந்தது.

ஜாபர் மாமா. கயிற்றில் சாவியை இறக்கினேன்.

ஜாபர் மாமா எங்களுக்குச் சொந்தம் இல்லை. எங்கள் முஸ்லிம் சங்கத்தின் பிரசிடெண்ட் பதவிக்கு நிற்கிறவர். மறுநாள் தேர்தல்.

நாட்டில் மாதிரியேதான் எங்கள் சங்கத்திலும். பிரசிடெண்டை எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க முடியாது. பதினோரு தெரு, தெருவுக்கு ஒரு தேர்வாளர், அந்தப் பதினோரு பேருக்குத்தான் ஓட்டு. அறுபது வருஷமாக அந்தப் பதினோரு பேரும் தொப்பியும் தொந்தியுமாகத்தான் இருந்தார்கள்.

இங்கிலீஷில் இருந்த விதிப் புத்தகத்தை நான்தான் உட்கார்ந்து படித்தேன். கான்வென்ட் படிப்பு அன்றைக்குத்தான் உருப்படியாகப் பயன்பட்டது. ஆணாக இருக்க வேண்டும் என்று அதில் எங்கேயுமே இல்லை. இருபத்தொரு வயது, சந்தா பாக்கி இல்லாமை, தெருவிலிருந்து ஐந்து கையெழுத்து. அவ்வளவுதான். ஐந்தும் ஒரே மத்தியானத்தில் கிடைத்துவிட்டன. தெருவில் இப்போது பெண்கள்தானே இருக்கிறோம்.

நான் தேர்வாளரானதே, இப்போதைய பிரசிடெண்ட் ரஹ்மத்துல்லாவை வீட்டுக்கு அனுப்பத்தான். எந்தக் காகிதம் கொடுத்தாலும் தொலைத்துவிடுவார். எங்கள் நிக்காஹ் பதிவின் நகல் போயிற்று. இக்ராவின் பிறப்புப் படிவம் இரண்டு தடவை போயிற்று. கேட்டால், "கரையான்மா" என்பார்.

ஜாபர் மாமா அப்படி இல்லை. ஸ்டேஷனரிக் கடை வைத்திருப்பவர். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை. போட்டோ, பிறந்த தேதி, ரத்த வகை, எல்லாம் அகர வரிசையில்.

மூச்சு வாங்க ஏறி வந்தார். கையில் பொட்டலம் எதுவும் இல்லை. ஓட்டுக்கு முந்தின நாள் வெறுங்கையோடு வருகிற வேட்பாளரைப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"சர்ஃபராஸ் இருக்கானா?"

"இல்லை மாமா. ஆத்துக்கு அந்தப் பக்கம், டாலாவுக்குப் போயிருக்கார்."

குளியலறையில் வாளி உருண்டது.

"சரி. டாலாவுல வாளியை ஓரமா வைக்கச் சொல்லு."

"உட்காருங்க மாமா. என் ஓட்டு உங்களுக்குத்தான்னு ஊருக்கே தெரியுமே. இதுக்கா மூணு மாடி ஏறினீங்க?"

"அதுக்குத்தான் ஏறினேன். எனக்குப் போடாதே."

இக்ராவை மறு இடுப்புக்கு மாற்றினேன்.

"ரஹ்மத்துல்லாவுக்குப் போடு."

"எவ்வளவு கொடுத்தார்?"

"அவன் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தே பத்து வருஷம் ஆச்சு. கேளு புள்ள. முந்தாநாள் வார்டு ஆபீஸ்ல கூப்பிட்டாங்க. ஜெயிச்ச ஒரு வாரத்துல, சங்கத்துல பதினெட்டுலேர்ந்து முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் இருக்கிற ஆம்பளைங்க பட்டியல் வேணுமாம். 'நீங்க எல்லாத்தையும் ஒழுங்கா வெச்சிருக்கீங்களாமே, ஊ ஜாபர்'னு பேருக்கு முன்னால மரியாதை போட்டு ஒரே பாராட்டு. டீ வேற."

குளியலறையில் இப்போது வாளிகூட மூச்சு விடவில்லை.

"பட்டியல் கிடையாதுன்னு சொல்லிடுங்க மாமா."

"அட்டையெல்லாம் அன்னிக்கு ராத்திரியே அடுப்புக்குப் போயிடுச்சு. ஒரு பானை சோறு வெந்துச்சு. அது போதுமா? எல்லாம் மண்டையில இருக்கே." தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "நான் வீரன் இல்லை புள்ள. ஒரு அறை விட்டாப் போதும், அகர வரிசையில சொல்லிடுவேன்."

"அப்போ விலகிக்கங்க."

"விலகினா ஏன்னு கேப்பாங்க. தோத்தா யாரும் கேக்க மாட்டாங்க."

எழுந்தார். "நீ ஒன்பதாவது வீடு. இன்னும் ரெண்டு பாக்கி. கடைசி ஆளை மட்டும் எனக்குப் போடச் சொல்லணும். சைபர்னா சந்தேகம் வரும். என் பொண்டாட்டி முகத்துலயும் முழிக்கணுமில்லே."

வாசல்வரை போனேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மாமா, அதே பட்டியலை நாளைக்கு அவர்கிட்டயும் கேப்பாங்களே?"

இரண்டு படி இறங்கியிருந்தவர் நின்றார்.

"நாளைக்கா? ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க. போன மாசம் ரெண்டு நாள் உள்ளே வெச்சே கேட்டாங்க. திரும்பி வந்ததுலேர்ந்து அவனுக்கு இடது காது கேக்கலை. பட்டியல் மட்டும் இன்னும் கிடைக்கலை. அங்கேயும் கரையான்னுதான் சொல்றான்."

அவருடைய செருப்புச் சத்தம் கீழே போய் அடங்கும்வரை நின்றேன். பிறகு கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாளைப் போட்டேன்.