பொதுமக்கள் ஒருவர்

"பொதுமக்கள் வந்தாச்சா?" என்று கேட்டாள் கிருத்திகா.

புரொஜெக்டருக்கு வயர் மாட்டிக்கொண்டிருந்த ஸ்ரீகண்டன் நிமிராமலே பதில் சொன்னான். "இன்னும் காணோம். சும்மா டென்ஷன் ஆகாதீங்க. மழை கொட்டினாக்கூட வந்துடுவாரு."

'ஏரியை மீட்போம்' இயக்கத்துக்குப் பொதுமக்கள் என்று இருந்தவர் ஒரே ஒருவர்தான்.

பொம்மனஹள்ளி சமுதாயக் கூடத்தில் நாற்காலிகள் என்னவோ மற்ற இயக்கத்துக்காரர்களால் நிரம்பித்தான் இருந்தன. முன்வரிசை முழுக்க மரம் காப்போர். அதற்குப் பின்னால் குப்பை பிரிப்போர். ஓரமாக, தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டுவோர். போன ஞாயிறு அவர்கள் போட்ட படத்துக்குக் கிருத்திகா போய்க் கைதட்டிவிட்டு வந்தாள். இந்த ஞாயிறு இவள் படத்துக்கு அவர்கள் வந்திருக்கிறார்கள். எல்லாம் கல்யாண மொய் மாதிரிதான். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எல்லோருக்கும் நன்றாக ஞாபகம் இருக்கும்.

இந்த ரகசியம் எப்படியோ நிதி தரும் அறக்கட்டளைக்கும் எட்டிவிட்டது. அங்கிருந்து வந்திருந்த அலர்மேல்மங்கை, காபி டம்ளரோடு கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிருத்திகாவிடம் வந்தாள்.

"எல்லாம் எனக்குத் தெரிஞ்ச மூஞ்சியாவே இருக்கேம்மா! சாதாரண ஜனங்க யாராவது எழுந்து, இந்தப் படம் எனக்கு இதைக் குடுத்துச்சுன்னு பேசணும். இன்னிக்கும் அது நடக்கலைன்னா அடுத்த வருஷம் உங்களுக்கு சப்போர்ட் பண்றது கஷ்டம்."

கிருத்திகாவுக்கு வைட்ஃபீல்டில் வேலை. வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர், மீட்டிங், டிராஃபிக். ஞாயிற்றுக்கிழமை இந்தத் திரையைக் கட்டும்போதுதான் தானும் ஒரு மனுஷி என்ற நினைப்பே அவளுக்கு வரும். அதுவும் கையைவிட்டுப் போகப்போகிறதா?

அந்த நேரம் பார்த்து வாசலில் பக்தவச்சலம் செருப்பைக் கழற்றினார்.

அவர் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் வாட்ச்மேன். பிரேசர் டவுனில் படம் போட்டபோது வந்தார். வைட்ஃபீல்டில் போட்டபோது பஸ் மாறி மாறி அங்கேயும் வந்தார். ஒருமுறை செல்போனை உயர்த்தித் திரையைப் படம்கூட எடுத்தார். நண்பர்களுக்கு அனுப்பத்தான், செய்தி பரவுகிறது என்று கிருத்திகா பூரித்துப்போனாள். ஒரே ஒரு குறை. புல்டோசர் வந்து ஆக்கிரமிப்புகளை இடித்துத் தள்ளும், கூடமே எழுந்து கைதட்டும். அந்த அருமையான கட்டம் வருவதற்குள் மனிதர் எழுந்து போய்விடுவார். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம், பாவம்.

இன்று அவர் தனியாக வரவில்லை. பின்னால் ஓர் அம்மாள் தயங்கித் தயங்கி வந்தார்.

"என் வீட்டுக்காரி மேடம், வனஜா. நானும் எத்தினியோ வாட்டி கூப்ட்டேன். இன்னிக்குத்தான் மனசு வந்துச்சு."

ஒரே நாளில் பொதுமக்கள் இரண்டு மடங்கு! கிருத்திகா அவர்கள் கையில் ஆளுக்கொரு காபியைத் திணித்தாள்.

"அண்ணா, இன்னிக்கு நீங்க மைக் புடிச்சு ரெண்டு வார்த்தை பேசியே ஆகணும்."

"ஐயோ! எனக்கு என்னா மேடம் பேசத் தெரியும்?"

"படத்துல உங்களுக்குப் புடிச்சதைச் சொன்னா போதும்ணா. ப்ளீஸ். எங்களுக்கு இது ரொம்ப முக்கியம்."

பக்தவச்சலம் மனைவியைப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பேசறேன். ஆரம்பத்துல மேலேர்ந்து ஏரியைக் காட்டறீங்களே, அந்த எடத்துல மட்டும் படத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைங்க. அங்கயே பேசிட்டுக் கெளம்பிடறோம்."

கிருத்திகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் காட்சிக்காக டிரோனைப் பறக்கவிட்டதே அவள்தான். "ஏரின்னா அவ்ளோ ஆசையாண்ணா உங்களுக்கு?"

"மனசு அங்கயே நின்னுபோச்சு மேடம்."

படம் தொடங்கியது. டிரோன் ஏரிக்கரைமேல் தாழப் பறந்தது. 'ஏரியைத் தின்றவர்கள்!' என்று கிருத்திகாவின் குரல் பின்னணியில் சீறியது. திரையில் ஒரு சின்னக் கட்டடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் விழுந்தது. மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண் வாயைப் பிளந்துகொண்டு டிரோனை அண்ணாந்து பார்த்தாள். கூட்டம் வழக்கம்போலச் சிரித்தது. ஸ்ரீகண்டன் படத்தை நிறுத்தினான்.

அலர்மேல்மங்கையே எழுந்து மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "சொல்லுங்க சார், இந்தப் படம் உங்களுக்கு என்ன குடுத்துச்சு?"

கிருத்திகா செல்போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தாள்.

பக்தவச்சலம் மனைவியின் கையைப் பிடித்துத் திரைக்குப் பக்கத்தில் அழைத்துப்போய் நிறுத்தினார்.

"வேற போட்டோ ஒண்ணும் எங்களுக்கு மிஞ்சலைங்க. செல்லுல எடுத்துப் பாத்தேன், கோடு கோடா விழுது. அதான் நீங்க எங்க போட்டாலும் தேடி வந்து பாத்துக்கறேன்." அவர் திரையைத் தொட்டுக் காட்டினார். "மாடியில நின்னு அண்ணாந்து பாக்கறது இவதாங்க. இதுக்கு அடுத்து எங்க வீட்டை இடிச்சிருவீங்க, அதான் முன்னாடியே எழுந்து போயிடறேன்."