நகக் கீறல்

“எந்திரிடா! அஞ்சு மணிக்குப் பாவசங்கீர்த்தனம். இந்த அழுக்கு மனசோடதான் கோயிலுக்குப் போகப் போறியா?”

அக்காவின் குரலில் சோபா ஒரு முறை தூக்கிப் போட்டது. அதில் பனியனோடு குட்டித் தூக்கம் போட்டுக்கொண்டிருந்த தம்பி மட்டும் அசையவில்லை. ஐம்பத்தைந்து வருடப் பழக்கம்.

அக்கா முப்பது வருடம் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். அவர் வார்டுக்குள் காலெடுத்து வைத்தால் போதும், நோயாளியைக் கேட்காமலேயே காய்ச்சல் இறங்கி ஓடிவிடும். ஓய்வு பெற்றபின் அதட்டுவதற்கு வார்டு இல்லை. எனவே நாலு வாரத் திருவருகைக் காலம் முழுக்கத் தம்பி வீட்டில் தங்கி அவரைத் திருத்திவிடுவது என்று பெட்டியோடு வந்து இறங்கியிருந்தார். கிறிஸ்து பிறப்புக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. நோயாளி தேறுகிற வழியைக் காணோம்.

“மணி மூணுதான்க்கா ஆகுது.”

“நீ மன்னிப்புக் கேட்டு முடிக்க ரெண்டு மணி நேரம் பத்துமான்னு பார்க்கிறேன். போன ஞாயிறு, கோயிலைப் பார்த்துக்கிற கோயில்பிள்ளை அண்ணனை அத்தனை பேர் முன்னாடி என்ன பேச்சுப் பேசினே!”

தம்பி எழுந்து உட்கார்ந்தார்.

“பின்னே என்னக்கா? கிறிஸ்துமஸ் வரைக்கும் வாரத்துக்கு ஒண்ணா ஏத்துற வளையத்துல இருக்கிறது நாலே நாலு மெழுகுவர்த்தி. மூணு ஊதா, ஒண்ணு ரோஸ். ரோஸை மூணாவது ஞாயித்துக்கிழமைதான் ஏத்தணும். நாப்பது வருஷமா ஏத்துற மனுஷன் ரெண்டாவது ஞாயிறே ஏத்தி வச்சா? ‘கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு’ன்னு கேட்டேன். அவ்வளவுதானே?”

“அவ்வளவுதானா? நீ போட்ட சத்தத்துல கோயில் கூரையில இருந்த புறா எல்லாம் பறந்து போச்சு. இன்னும் ஒண்ணுகூடத் திரும்பி வரலை.”

“போக்கா, நீ வேற.”

“அவரும் வர மாட்டாராம்டா.” அக்கா கைப்பையிலிருந்து ஒரு பெரிய சாவியை எடுத்து மேசையில் வைத்தார். “கோயில் சாவி. காலையில என்கிட்ட நீட்டிட்டார். நாளைக்கே மகள் வீட்டோட போயிடறாராம்.”

தம்பி சாவியையே பார்த்தார்.

“வயசாயிடுச்சுல்ல. கவனம் பத்தலை,” என்றார், சுருதி இறங்கி.

“கவனம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கண்ணுக்குத்தான் நிறம் தெரியாது. ஊதாவும் ரோஸும் அவருக்கு ஒண்ணுதான். பிறவியிலேயே அப்படி. பேச்சுக் கொடுத்துக் கொடுத்துத்தான் வாங்கினேன்.”

“அப்போ இத்தனை வருஷம்?”

“அவர் வீட்டம்மா ரோஸ் மெழுகுவர்த்தியோட அடியில நகத்தால ஒரு கீறல் போட்டு வைப்பாங்களாம். தடவிப் பார்த்துட்டு ஏத்துவார். இந்த வருஷம் கீறல் போட ஆளில்லையே. அவங்களை அடக்கம் பண்ணின அன்னிக்கு நீயும்தானே முன்னாடி நின்னே?”

தம்பியின் முகம் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கிப்போனது.

“இதை அவரு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா.”

“நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? ஊரையே உட்கார வச்சு வாய் கிழியப் பேசத் தெரியுது. ஒரு மனுஷன்கிட்ட ‘ஏன் அண்ணே’ன்னு கேக்கத் தெரியலை. சோம்பேறி! முன்கோபி! சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்கிறதில்லை. அதட்டுறதுக்கு வீட்டுல ஒருத்தி இல்லாமப் போனதால வந்த வினை இது!”

“வெட்கமா இருக்குக்கா. எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்?”

“ஊசியைப் பார்த்ததும் பெரிய பெரிய பயில்வானெல்லாம் இப்படித்தான் முழிப்பானுங்க. ஒரு நொடிதான். கிளம்பு!”

தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு சாவியோடு கிளம்பினார். போகிற வழியில் கோயிலைத் திறந்து, எதையோ காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

கோயிலுக்குப் பின்னாலேயே கோயில்பிள்ளையின் இரண்டு அறை வீடு. பெரியவர் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு காலில் பச்சைக் காலுறை, மறு காலில் சிவப்பு. தம்பி இந்தக் கால்களை வருடக்கணக்காகப் பார்த்து உள்ளூரச் சிரித்தவர்தான். இன்று சிரிப்பு வரவில்லை.

“தப்பு என்னுதுதான் அண்ணே. மன்னிச்சிடுங்க.”

பெரியவர் நிமிரவில்லை. மடித்த சட்டையையே திரும்ப மடித்தார்.

தம்பி காகிதத்தைப் பிரித்து மெழுகுவர்த்தியை எடுத்தார். கட்டைவிரல் நகத்தால் அதன் அடியில் ஒரு கோடு இழுத்து நீட்டினார். “நாளைக்கு ஏத்த வேண்டியது.”

பெரியவர் வாங்கித் தடவிப் பார்த்தார். மறுபடியும் தடவினார்.

“அவ இன்னும் கொஞ்சம் ஆழமாப் போடுவா,” என்றார்.

தம்பி வாங்கி, நகம் ஒடிகிற வரை அழுத்திக் கீறினார். பெரியவர் இன்னொரு முறை தடவிப் பார்த்துவிட்டு, பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

“சாவியைக் கொடுங்க. நேரமாச்சு, மணி அடிக்கணும்.”

ஐந்து மணிக்குக் கோயிலில், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வந்தவர்களின் வரிசை வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிப் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும் போலிருந்தது. அக்கா முழங்கையாலேயே வழி உண்டாக்கி முதல் ஆளாக நின்றுகொண்டார். அந்த நீள வரிசையில் தம்பியை மட்டும் எங்கேயும் காணோம்.

அக்கா பாவசங்கீர்த்தனத் தொட்டியின் ஓரம் முழங்காலிட்டு, உள்ளே உட்கார்ந்திருக்கும் சாமியாரை மறைக்கும் வலைக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனார்.

“என்னை ஆசீர்வதியுங்க ஃபாதர், நான் பாவி. இன்னிக்கு ஒரு சாமியாரை வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். மத்த பாவத்துக்கெல்லாம் மனசுல வருத்தம் இருக்கு ஃபாதர். இதுக்கு மட்டும் எவ்வளவு முயற்சி பண்ணாலும் வர மாட்டேங்குது.”

“இதுக்கு வர வேண்டாம்க்கா,” என்று பதில் சொல்லிவிட்டு, கழுத்தில் கிடந்த ஊதா ஸ்டோல் பட்டையைச் சரிசெய்துகொண்டார் வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தம்பி. ஒடிந்த நகத்தில் ரோஸ் மெழுகு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.