மேலே போகிறவர்கள்

"அவ்வளவுதான் தம்பி. இனிமே இந்த வேலையை நீங்களே பாத்துக்கலாம்," என்றாள் அவள், திரையில் தெரிந்த வெளிநாட்டுக் கிளை புரோகிராமரிடம்.

"ரொம்ப நன்றிக்கா! உங்களுக்குப் புரமோஷனாமே? உங்க மேனேஜர் சொன்னார்."

புரமோஷனாம்! நாளையோடு அவளுக்கு வேலையே இல்லை. அங்கே பாதிச் சம்பளத்துக்கு ஆள் கிடைக்கிறதாம். சொல்லிக்கொடுக்காமல் போனால் நற்சான்றிதழும் கிடையாது என்று சிரித்துக்கொண்டே மிரட்டியவர் அந்த மேனேஜர்தான்.

பாவம், அவன் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று தலையாட்டி வைத்தாள்.

"எனக்கும் நல்ல காலம்தான்க்கா," என்றான் அவன் வாயெல்லாம் பல்லாக. "அடுத்த மாசம் வேற ஒரு நாட்டு ஆளுங்களுக்கு இதே வேலையைச் சொல்லிக் கொடுத்துட்டா, எனக்கும் புரமோஷன்னு அவரே சொல்லிட்டார்!"

அவள் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"தம்பி, பக்கத்துல யாரும் இல்லையே?"