பாஸ்கல் அண்ணனின் ஜெர்மன் லென்ஸ்

"நாங்களும் நடுவுல வந்து நிக்கட்டுமா தம்பி?" என்று கேட்டாள் மேரிசெல்வி.

"வேணாங்க்கா. நீங்க இந்தக் கடைசியில நில்லுங்க. ஜெயாக்கா, நீங்க அந்தக் கடைசிக்குப் போங்க. இன்னும் தள்ளி... இன்னும் கொஞ்சம்..."

மரக்காணம் உப்பளத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. விடிந்ததிலிருந்து உப்பு சுமந்துவிட்டு இரண்டு பெண்களும் அப்போதுதான் சோற்றுத் தூக்கைத் திறந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் வந்து சேர்ந்தான் ஸ்டூடியோ ஜெரால்டு. கூடவே பாஸ்கல்.

பாஸ்கலுக்குப் பழைய லென்ஸ் என்றால் உயிர். ஆரோவில்லிலிருந்து ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்கள் பெட்டி கட்டும்போதே போய் நின்றுவிடுவார். வாங்கியதில் பாதியை விற்பார். மீதியைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

இப்போது அவரிடம் இரண்டு வைடு லென்ஸ் இருந்தன. ஒன்று ஜெர்மன். ஏதோ ஒரு பழைய பிலிம் கேமராவில் இருந்தது, சின்னதாக, நகை மாதிரி மின்னும். இன்னொன்று ஜப்பான். குண்டாக, பெயின்ட் உதிர்ந்து, பார்க்கவே சகிக்காது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் திருவிழா. வருஷா வருஷம் கோயில் வாசலில் ஊரே நின்று ஒரு குரூப் போட்டோ எடுத்துக்கொள்ளும். எடுப்பது ஜெரால்டு. பின்னால் தள்ளிப்போக இடம் கிடையாது, எதிரே சுவர். ஊரையே ஒரே படத்தில் அடக்கும் வைடு லென்ஸ் இல்லாமல் வேலைக்கு ஆகாது; இத்தனை வருஷமும் ஒரு மட்டமான லென்ஸை வைத்து ஒப்பேற்றிவிட்டான். புது லென்ஸ் வாங்குவதென்றால் ஸ்டூடியோவையே விற்க வேண்டும். அதனால் இந்தப் பழசு இரண்டையும் அடாப்டர் போட்டுத் தன் டிஜிட்டல் கேமராவில் மாட்டி, இங்கே எடுத்துப் பார்த்து ஒன்றை வாங்கிக்கொள்ள வந்திருந்தான்.

"இப்பவே முடிவு பண்ணிடுப்பா. சாயங்காலம் சென்னையிலேருந்து ஒருத்தர் வர்றாரு. நீ விடுறத அவரு எடுத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டு, சலவைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நட்டநடுவில் போய் நின்றார் பாஸ்கல். அவரை யாரும் கூப்பிடவில்லை.

ஜெர்மன் லென்ஸில் ஒன்று எடுத்தான். ஓடி வந்து எட்டிப் பார்த்த பாஸ்கல் பூரித்துப்போனார்.

"அடேயப்பா! சட்டையில நூலை எண்ணலாம் போலிருக்குது!"

ஜெரால்டு அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. திரையில் ஒரு மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தான். அடுத்த மூலையையும் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். லென்ஸை மாற்றினான்.

"அக்கா, இன்னொரு தபா. அதே எடத்துல."

பிறகு மறுபடி ஜெர்மன். மறுபடி ஜப்பான். இரண்டு பேரையும் இடம் மாற்றி நிற்கச் சொன்னான். மேரிசெல்விக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏம்பா, கோயில் போட்டோவுலதான் எங்கள ஓரத்துல நிக்க வெக்கிற. இந்த வெட்டவெளியிலயும் ஓரந்தானா? நாங்க நடுவுல நின்னா உன் கேமரா வெடிச்சிடுமா?"

"பெரிய மனுசங்க நிக்கிற எடம்டி அது. நமக்கு எதுக்கு? வா, சோறு காயுது" என்றாள் ஜெயா.

பாஸ்கலுக்கே சங்கடமாகிவிட்டது. ஜெரால்டு ஏதோ சொல்ல வாயெடுத்து, கேமராவைத் தூக்கிக்கொண்டான்.

"ஒரே ஒரு தபாக்கா. அவ்ளோதான்."

முணுமுணுத்துக்கொண்டே நின்றார்கள். எடுத்து முடித்ததும் திரும்பிப் பார்க்காமல் கொட்டகைக்குப் போய்விட்டார்கள்.

"ஜப்பான் லென்ஸையே குடுங்கண்ணே" என்றான் ஜெரால்டு.

பாஸ்கல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! ஏம்பா, ஜெர்மன்ல நடு எப்படி இருக்குது, பாத்தியா? ஃபாதரு, பங்குப் பேரவைக்காரங்க, தேருக்குச் செலவு பண்ணவங்க, எல்லாம் நடுவுலதானே உக்கார்றாங்க? ஓரத்த யாருய்யா பாக்கப் போறாங்க?"

ஜெரால்டு கேமராவை நீட்டினான். ஜெர்மன் லென்ஸில் மேரிசெல்வியின் முகம் ஈரத்தில் கரைந்த மாதிரி கலங்கி இழுத்துக்கொண்டு கிடந்தது. ஜப்பான் லென்ஸில் அவள் மூக்குத்தி தெரிந்தது.

"பிலிமை ஒட்டி உக்கார்ற மாதிரி செஞ்ச சின்ன லென்ஸுண்ணே அது. இந்தக் கேமராவுல மாட்டினா ஓரம் கெட்டுப்போவுது."

"கெட்டா கெடட்டும். அவ்ளோ அக்கறை இருந்தா அவங்கள நடுவுல நிக்க வையேன்."

"நடு யாருக்குன்னு முடிவு பண்றது நானாண்ணே? இவங்க வேலைய முடிச்சிட்டு ஓடி வர்றதுக்குள்ள நாற்காலி எல்லாம் ரொம்பிடுது." கொட்டகைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நடுவுல உக்கார்றவங்க வீட்ல ஆல்பம் ஆல்பமா போட்டோ இருக்குது. இவங்க செல்போன்ல எடுக்கிறது போனோட போயிடும். ஆதார் போட்டோவப் பெருசாக்கினா பெத்த புள்ளைக்கே அடையாளம் தெரியாது. வீட்ல யாராவது தவறிட்டா திருவிழா போட்டோவத்தான் தூக்கிட்டு வருவாங்க. 'இதுலேருந்து மூஞ்சிய மட்டும் எடுத்து, கண்ணீர் அஞ்சலி பேனர் போட்டுக் குடு தம்பி'ம்பாங்க. இத அந்த அக்காங்ககிட்ட எப்படிண்ணே சொல்றது?"

பாஸ்கல் ஜெர்மன் லென்ஸை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"போன மாசம் பெஞ்சமினோட அம்மா தவறினாங்கல்ல? போன திருவிழா போட்டோவுல அவங்களும் ஓரத்துலதான் நின்னிருந்தாங்க. பெருசாக்கினா கண்ணு எது, மூக்கு எதுன்னு தெரியல. மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல ஒரு மெழுகுவத்திப் படத்தப் போட்டுக் குடுத்தேண்ணே."