சார்லஸ் ராஜாவின் தலை

"நாளைக்கு மேடையில என் தலைய வெட்டப் போறீங்களாமே?"

சூப்பர்வைசர் கோதண்டராமன் இப்படிக் கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்ததும், கேன்டீனில் நடந்துகொண்டிருந்த ஒத்திகை அப்படியே நின்றது.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த அந்தப் பம்ப் கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் நாடகம் உண்டு. வழக்கமாகப் புராணக் கதைதான். 1991ஆம் வருஷம் ஒரு மாறுதலுக்கு, டைம் ஆபீஸ் கங்கா இங்கிலாந்து ராஜா கதை ஒன்றை எழுதியிருந்தாள். பி.ஏ. சரித்திரம் படித்தவள். ராஜா வேஷத்தை முதல் ஆளாகக் கேட்டு வாங்கிக்கொண்ட கோதண்டராமன், ஒத்திகைப் பக்கமே வரவில்லை. "வசனத்தைத் திரைக்குப் பின்னாடி இருந்து எடுத்துக் குடுங்க, பேசிடறேன்" என்று சொல்லிவிட்டார்.

"யாரு சார் சொன்னது?" என்றாள் கங்கா.

"என் பொண்ணு நிலா. பத்தாவது படிக்குது. 'இன்னா வேஷம்பா?'ன்னு கேட்டுச்சு. 'சார்லஸ் ராஜா'ன்னேன். 'ஐயோ, அவரு தலைய பார்லிமெண்ட்டே வெட்டிடுச்சேப்பா'ன்னு உழுந்து உழுந்து சிரிக்குது. நெசமா?"

பார்லிமெண்ட் தலைவராக நடிக்கும் ஃபிட்டர் தாவீதைப் பார்த்தாள் கங்கா. அவன் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தான்.

"நெசந்தான் சார். அரண்மனை வாசல்லயே மேடை போட்டு வெட்டினாங்க."

"ஏம்மா, எம்.டி. மொத வரிசையில உக்காந்திருப்பாரு. குன்றத்தூர்லேருந்து மாமனாரு வூடே கெளம்பி வருது. அவங்க எதிர்ல இந்தத் தாவீது என் தலைய வெட்டினா, அப்புறம் லைன்ல எவன் என்னை மதிப்பான்? அந்த ராஜா அப்பிடி இன்னா தப்பு பண்ணாரு?"

"பார்லிமெண்ட்டைக் கேக்காமலே வரி போட்டாரு சார். பதினோரு வருஷம் அதைக் கூட்டவே இல்ல. அந்த ஊர்ல ராஜாவே பணம் கேட்டாலும், 'மொதல்ல எங்க குறையத் தீருங்க, அப்புறம் பணம்'னு பார்லிமெண்ட் சொல்லும். அவரு காதுலயே போட்டுக்கல."

"போட்டுக்கினு இருந்தா?"

"தலை தப்பிச்சிருக்கும்."

கோதண்டராமன் பெஞ்சில் உட்கார்ந்தார். கை தானாகக் கழுத்தைத் தடவியது.

"அந்த ஜனங்களுக்கு அப்பிடி இன்னா குறை?"

"அவங்க குறைய விடுங்க சார். நம்ம ஆளுங்க குறைதான் உங்களுக்குத் தெரியுமே" என்றான் தாவீது மெதுவாக.

தெரியும். ஷிப்ட் முடிந்து பெண்களை ஏற்றிப் போகும் வேன், வல்லக்கோட்டை மெயின் ரோட்டிலேயே அவர்களை இறக்கிவிட்டுப் போய்விடும். ஊருக்குள் போக ஏரிக்கரையோரம் இருட்டில் நடக்க வேண்டும். போன வாரம் அசெம்பிளியில் வேலை செய்யும் தென்றலை இரண்டு பேர் சைக்கிளில் துரத்தியிருக்கிறார்கள். வீட்டுக்கு ஓடிப் போய்ச் சேர்ந்தவள் மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. வேன் ஊருக்குள் வர வேண்டும் என்று கங்கா கேட்கும்போதெல்லாம், "டீசல் இன்னா தண்ணியா?" என்பதுதான் கோதண்டராமனின் பதில்.

இன்று அந்தப் பதில் வரவில்லை.

"அந்தத் தென்றல் பொண்ணு, நம்ம நிலாவ விட ரெண்டு மூணு வயசுதானே பெரிசு இருக்கும்?"

"ஆமா சார்."

எழுந்து ஜன்னலருகே போனார். வெளியே வேனைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவரைக் கூப்பிட்டார்.

"நாகப்பா! இன்னிலேருந்து பொண்ணுங்கள மெயின் ரோட்டுல எறக்காத. அவங்கவங்க தெரு முனையில வுட்டுட்டு வா. யாரு கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லு."

வேன் பக்கத்தில் நின்றிருந்த பெண்கள் ஓவென்று கத்திக் கைதட்டினார்கள். கோதண்டராமனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"குறை தீந்துச்சா? இப்போ சொல்லு, கடைசி சீன்ல என் தலை?"

"கழுத்து மேலயே இருக்கும் சார். நான் பொறுப்பு."

"கிரீடம்?"

"அது தலை மேல இருக்கும்."

மீசையை நீவிக்கொண்டே லைனைப் பார்க்கக் கிளம்பினார். அவர் செருப்புச் சத்தம் மெல்ல மறைந்தது.

"சரி, கடைசி சீனைப் பார்த்துடலாம்" என்றாள் கங்கா.

தாவீது தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு மாதமாக மனப்பாடம் செய்திருந்த வசனத்தை ஓர் எழுத்துகூட மாற்றாமல் முழங்கினான்:

"மன்னா! தங்கள் தந்தை முதலாம் சார்லஸின் தலையை வெட்டிய அதே பார்லிமெண்ட், இன்று தங்களை அழைத்து முடிசூட்டுகிறது. இரண்டாம் சார்லஸ் மன்னர் நீடூழி வாழ்க!"