எட்டு மணிச் செய்தி

தோட்டத் தொழிலாளரின் அன்றாட வருகையைக் குறிக்கும் பெரட்டுக் கணக்கையும் செய்தி அனுப்பும் மென்பொருளையும் சுஜீவன் ஒரு வரி நிரல்கூட எழுதாமல் இணைத்திருந்தான். வேலைக்கு வராதவரின் கைபேசிக்குக் காலை எட்டு மணிக்குச் செய்தி தானாகப் போகும். முப்பது நாள் வராவிட்டால் பெயரும் தானாக நீங்கிவிடும்.

போன வாரம் மாற்றலாகி வந்த பெரிய கிளாக்கர் குணரத்தினம் திரையை எட்டிப் பார்த்தார்.

“தம்பி, உந்த ஷிராணி இருபத்தொன்பது நாளா வரேல்லையே. மெசேஜ் போகுதோ?”

“தெனமும் போகுதுங்க ஐயா.”

“மறுமொழி?”

“இல்லைங்க.”

“ஆள் நல்ல சொகுசுக்காரி போல. நாளைக்குப் பேர் வெட்டுப்படட்டும்.”

“நாளைக்கு எனக்கு லீவு வேணுங்க ஐயா.”

“ஏன்?”

மணி எட்டு. சுஜீவனின் மேசை இழுப்பறைக்குள் ஒரு கைபேசி ஒலித்தது. எடுத்து அவர் முன் வைத்தான்.

‘ஷிராணி, இன்று நீங்கள் வேலைக்கு வரவில்லை. நாளை கட்டாயம் வரவும்.’

“வீட்டுக்காரியோட முப்பதாம் நாள் பூசைங்க.”

மறுநாள் கோயிலுக்குப் போகும் வழியில், அந்தப் பெயரைக் கடைசியாக ஒருமுறை பார்க்க அலுவலகத்துக்குள் நுழைந்தான். பெயருக்கு நேரே ‘வந்தார்’ என்று பதிவாகியிருந்தது. குணரத்தினம் தலை நிமிரவில்லை.

எட்டு மணி ஆனது. சட்டைப்பையில் இருந்த அவளுடைய கைபேசி அந்த முப்பது நாளில் அன்றுதான் முதல்முறையாக ஒலிக்கவில்லை.