வீட்டில் எத்தனை பேர்?

"சர்வே எடுக்க வந்திருக்கோம்னு யாராவது கேட் பக்கம் தலை காட்டினா, அப்படியே திருப்பி அனுப்பிடுங்க. உள்ளே விடவே கூடாது. சரிதானே?"

பல் டாக்டர் கேட்டு முடிப்பதற்குள் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்த எல்லாக் கைகளும் உயர்ந்தன.

வீடு தனித்தனி, சமையலறை பொது, பாத்திரம் கழுவுவது முறை வைத்து என்று சேர்ந்து வாழ்கிற குடியிருப்பு அது. ஊரில் இப்படி இன்னொன்று கிடையாது. போதாதா? காலேஜ் பிள்ளைகளுக்கு இது மிருகக்காட்சிசாலை மாதிரி ஆகிவிட்டது. கட்டடக்கலை படிக்கிறவர்கள் வருவார்கள், சமூகவியல் படிக்கிறவர்கள் வருவார்கள். "உங்களுக்குள்ள சண்டை வருமா?" என்று வீடு வீடாகக் கேட்டு, புதுசாக ஒரு சண்டையை மூட்டிவிட்டுப் போவார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் யார் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். வீட்டில் எத்தனை பேர்?

அதை மூலை வீட்டுக் கணக்கு டீச்சரிடம் போய்க் கேட்டால்?

டீச்சருக்கு ஒரே பெண். கணவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். போன மழைக்காலத்தில் காலேஜுக்கு சைக்கிளில் கிளம்பிய பெண் லாரியில் அடிபட்டு, பிணமாகத்தான் வீடு திரும்பினாள்.

அன்றிலிருந்து குடியிருப்பே டீச்சரைப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டது. சாப்பாட்டுக் கூடத்தில் அந்தப் பெண் உட்காரும் நாற்காலியை எடுத்துவிட்டார்கள். பாத்திரம் கழுவும் முறைப் பலகையில் அவள் பெயரை அழித்துவிட்டார்கள். டீச்சர் உள்ளே நுழைந்தால் போதும், பேச்சு சட்டென்று மழைக்கும் காய்கறிக்கும் தாவிவிடும். அந்தப் பெண்ணைப் பற்றி யாரும் மூச்சு விடக் கூடாது என்று ஏற்பாடு செய்தவரும் பல் டாக்டர்தான். காலமெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லியே சம்பாதித்தவர், இங்கே எல்லார் வாயையும் மூட வைத்தார்.

நல்ல மனுஷன். அந்தப் பெண்ணுக்காக அவரும் தேம்பித் தேம்பி அழுதவர்தான்.

அந்தக் குடியிருப்பில் ஒருவர் வேண்டாம் என்றாலும் தீர்மானம் செல்லாது. ஆனால் டீச்சரை வைத்துக்கொண்டு இதை எப்படிப் பேசுவது? அவர் சாப்பிட வராத நாளாகப் பார்த்து முடித்துவிட்டார்கள்.

தடை போட்டு ஒரு வாரம் ஆகவில்லை. மாடியில் துணி எடுக்கப் போனவர் இறங்கி வந்து சொன்னார்.

"டாக்டர், பின்வாசல் வழியா ஒரு காலேஜ் பொண்ணு வந்தா. நேரா டீச்சர் வீட்டுக்குள்ள போயிட்டா!"

டாக்டர் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். ஜன்னல் திறந்திருந்தது.

"வீட்ல எத்தனை பேர் ஆன்ட்டி?"

"ரெண்டு பேர். நானும் என் பொண்ணும்."

டாக்டர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பொதுவேலை எல்லாம் உங்க பொண்ணும் செய்வாங்களா?"

"ஏன் செய்ய மாட்டா! பாத்திரம் கழுவற முறை வந்தா மட்டும் தலைவலின்னு படுத்துக்குவா. எல்லாரும் கழுவி முடிச்சதும் எழுந்து வந்து, 'இப்போ பரவாயில்லம்மா'ன்னு சொல்லுவா. கள்ளி!"

டீச்சர் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கவே கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

அதற்கு மேல் டாக்டரால் தாங்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"எழுந்திரு! நீயெல்லாம் மனுஷப் பிறவியா? அவங்க பொண்ணு செத்து இன்னும் வருஷம்கூடத் திரும்பலை. நடுவீட்ல உக்காந்து கேள்வியா கேக்கறே?"

மாணவியின் முகம் வெளுத்துப்போனது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"சத்தியமா எனக்குத் தெரியாது சார். ஆன்ட்டிதான் எங்க டிபார்ட்மெண்டுக்கு போன் பண்ணி யாரையாவது அனுப்புங்கன்னு சொன்னாங்க. பின்வாசலைத் திறந்துவிட்டதும் அவங்கதான்."

டாக்டர் திரும்பி டீச்சரைப் பார்த்தார்.

"ஆமா அண்ணா. நான்தான் கூப்பிட்டேன். இவளை மட்டுமில்ல, ஆறேழு மாசமா இங்கே வந்த அத்தனை பேரையும் நான்தான் கூப்பிட்டேன். நீ உக்காரும்மா. எங்கேயும் போக வேண்டாம்."

டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். சித்தம் கலங்கியவர்களிடம் பேசுகிற குரல்.

"சரிம்மா, சரி. ஆனா ரெண்டு பேர்ங்கறியே... கணக்கு டீச்சர் நீ. யோசிச்சுப் பாரு."

"எனக்குப் புத்தி பிசகலை அண்ணா. அவ போயிட்டான்னு எனக்குத் தெரியாதா? அடையாளம் காட்ட என்னைத்தானே கூப்பிட்டாங்க."

"அப்புறம் ஏம்மா இந்த வதை? கூப்பிட்டு வெச்சு அழணுமா? உன்னை அழவிடக் கூடாதுன்னுதானே நாங்க இத்தனை பேரும் பாத்துப் பாத்து நடந்துக்கறோம்!"

"நடந்துக்கறீங்க. இல்லேங்கலை. நான் அழுதா உங்களுக்குப் பாக்க முடியலை, அதனால அவ பேரையே விட்டுட்டீங்க. அவ உங்க கூட உக்காந்து சாப்பிட்டவ. இப்போ அப்படி ஒருத்தி பொறக்கவே இல்லைங்கற மாதிரி எல்லாரும் காய்கறி விலை பேசறீங்க."



டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. மாணவியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி மெதுவாகச் சொன்னார்.

"எத்தனை பேர்னு யாராவது வந்து கேட்டாத்தானே அண்ணா, ரெண்டு பேர்னு நான் சொல்ல முடியும்?"